இரண்டு விரல் கனம்

கல்லூரியிலிருந்து வந்த செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாத்திரை அட்டையிலிருந்து மின்சார வாரியச் சீட்டு வரை எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். அந்தச் செய்தி ஆங்கிலத்தில் இருந்ததால் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்குச் செய்முறைத் தேர்வு. வீட்டிலிருந்தபடியே போன் கேமரா முன்னால் சமைக்க வேண்டும். சமைக்க வேண்டியது ஸ்டேக். மாட்டிறைச்சி, ஒரே துண்டு, எலும்பு கூடாது, கனம் இரண்டு விரல். கல்லில் சிவக்க வாட்டி, ஓவனில் முடிக்க வேண்டும்.

"குழம்பு?" என்றாள் அம்மா.

"குழம்பு கெடையாதும்மா."

"அப்ப சோத்துக்கு இன்னா ஊத்திக்கினு துன்றது?"

"சோறும் கெடையாது."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வெறுங்கறிய வாட்டித் துன்றதுக்கா உன்ன மெட்ராசுக்கு அனுப்பிச்சேன்?"

நான் அப்போது சென்னையில் ஓட்டல் மேலாண்மை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கொரோனாவால் விடுதியை மூடிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்கே திரும்பி வந்திருந்தேன். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குபவர். அம்மா மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் தரை துடைப்பவள். பாடமெல்லாம் போனில்தான் நடந்தது. எங்கள் ஒற்றை அறையில் அரிசி டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கினேன், முட்டை அவித்தேன், பெயர் தெரியாத சாஸ்களைக் காய்ச்சினேன். அவற்றை அப்பா பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு, "ஒண்ணும் கெடுதல் இல்ல" என்பார்.

இந்தத் தேர்வு அப்படிப்பட்டதல்ல. இதை வைத்துத்தான் ஆறு மாதப் பயிற்சிக்கு யாரை எங்கே போடுவது என்று முடிவு செய்வார்கள். பெரிய ஓட்டல் ஒன்றின் கிரில் பிரிவில் ஒரே ஒரு இடம் இருந்தது. இறைச்சியைத் தேர்ந்து, வெட்டி, நெருப்பின் முன்னால் நின்று சமைக்கும் இடம். மாட்டிறைச்சி கிடைக்காதவர்கள் கோழியின் நெஞ்சுக்கறியில் செய்யலாம், தேர்ச்சி உண்டு, ஆனால் கிரிலுக்குப் பெயர் போகாது என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். மற்ற இடங்களில் பாதிக்கு மேல் ஹவுஸ்கீப்பிங் என்ற அறை பராமரிப்பு. எனக்கு முந்தைய ஆண்டு எங்கள் பக்கத்திலிருந்து போன இரண்டு பெண்களையும் அங்கேதான் போட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "உங்களுக்கு அதுதான் சரியா வரும்" என்று யாரோ சொன்னார்களாம். அம்மா பிறர் வீட்டுத் தரையைத் துடைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. ஆனால் அதே துடைப்பத்தை ஆங்கிலப் பெயர் வைத்து என் கையில் கொடுப்பதற்கு ஒரு கல்லூரி தேவையில்லை. கிரில் இடம் எனக்கு வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஓவன் என்னிடம் இருந்தது. அம்மா வேலை செய்த வீடு ஒன்றில், ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா அதை வாங்கிய புதிதில் ஒருமுறை கேக் செய்து, கேக் கருகிப்போய், பிறகு அதற்குள் பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருந்தார். நான் கேட்டதும் கொடுத்துவிட்டார். அப்பா அதை மூட்டை போலத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். முதல் நாள் ரொட்டி சுட்டுப் பார்க்கலாம் என்று திருகினேன். கம்பி சிவந்தது, சிவந்த வேகத்தில் ஃப்யூஸ் போனது. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து டெய்லர் வீட்டுக்கும் ஒரே இணைப்பு. அவர்கள் டிவி, ஃபேன், மிக்ஸி, தையல் மிஷின் மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்தினால்தான் என் ஓவன் எரியும்.

ஓவனுக்கு வழி கிடைத்தது, கறிக்குத்தான் கிடைக்கவில்லை. அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த மார்கழி. தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டு ஒரு சமூகத்தார் சாலைக்கு வந்திருந்தார்கள். ஒரு நாள் பஸ் ஓடும், மறுநாள் மறியல். சின்னசேலம் போய் அங்கிருந்து சேலம் போனால் கறியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து விற்கும் கடை இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். ஊர் எல்லையில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். உட்கார்ந்திருந்த கூட்டத்தில் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள் கையில் கொடியோடு இருந்தாள். எழுந்து வந்தாள்.

"இன்னாடி, உனுக்குக் கெடச்சிட்சி, மெட்ராஸ்ல படிக்கிற. எங்களுக்கு வேணாமா?"

"வேணும்னா கேளு. கேக்காம எங்களுக்கும் யாரும் குடுக்கல."

"அதான் கேட்டுக்கினு இருக்கோம்." சிரித்தாள். "எங்க போற?"

"கறி வாங்க."

"கறி வாங்க சேலத்துக்கா? ரொம்பத்தான்டி ஆயிட்ட" என்று சொல்லிவிட்டு, அவளே தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். நடந்தே வீடு வந்தேன்.

மாட்டுச் சந்தையும் இரண்டு வாரமாகக் கூடவில்லை. எங்கள் தெருவில் ஞாயிறுதோறும் கறி போடும் பெரியப்பா சும்மா உட்கார்ந்திருந்தார். மீனுக்கு ஐஸ் கொண்டுவரும் வண்டிகூட வரவில்லை. கடைசியில், கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போகும் சாலையில் மட்டும் மறியல் இல்லை என்று கேள்விப்பட்டுப் பெரியப்பா மலைக்குப் போனார். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஒரு கிழ மாட்டை நடத்தியே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். தெருவே எழுந்து வந்து பார்த்தது.

எங்கள் தெருவில் கறியை எடை போடுவதில்லை, கூறு போடுவார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்து, அதன் மேல் தேக்கிலைகளை வரிசையாக வைப்பார்கள். எத்தனை வீடோ அத்தனை இலை. ஒவ்வொரு இலையிலும் கொஞ்சம் சதை, கொஞ்சம் கொழுப்பு, ஒரு எலும்பு, ஒரு விரல் ஈரல், கொஞ்சம் குடல். எல்லாம் சமமாக விழுந்ததா என்று எல்லோரும் குனிந்து பார்த்த பிறகு, தெருவிலேயே மூத்தவரான பல்லில்லாத தாத்தா முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். பெரியப்பா ஒரு இலையைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். தாத்தா திரும்பிப் பார்க்காமல், "டெய்லர் வூட்டுக்கு" என்பார். அடுத்தது, "மேட்டு வூட்டுக்கு." பார்க்காமல் சொல்வதால் யாரும் சண்டை போட முடியாது. நான் பிறந்ததிலிருந்து இப்படித்தான். பொறுக்கி எடுக்கும் வழக்கமே இல்லாத இடத்தில், இருப்பதிலேயே நல்ல சதையை முழுசாக எனக்கு மட்டும் கேட்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா வெட்டிக்கொண்டிருக்கும்போதே போய் நின்றேன்.

"பெரியப்பா, முதுகெலும்பு உள்பக்கம் ஒட்டிக்கினு நீளமா ஒண்ணு இருக்குமே, அதுல ஒரு கை நீளம் எனக்கு வேணும். வெட்டாம."

கத்தி நின்றது. "உள் சதையா?"

"ஆமா."

"வெட்டாமயா?"

"வெட்டாம, அப்பிடியே முழுசா."

"இன்னாத்துக்கு?"

"பரீச்சைக்கு."

டெய்லர் வீட்டு அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "பரீச்சைக்குப் பேனா வாங்குவாங்க, பாத்திருக்கிறேன். கறி வாங்குறத இப்பதான் பாக்குறேன்."

அப்பாவோடு மூட்டை தூக்கும் மாமா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "ரோட்டுல அவங்க உள் ஒதுக்கீடு கேக்குறாங்க. இவ இங்க உள் சதை கேக்குறா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சிரித்துவிட்டால் நான் கேட்டது வேடிக்கையாகவே போய்விடும்.

பெரியப்பா சிரிக்கவில்லை. "பாப்பா, கேட்டுக்கோ. இது மலைல சாமைக் கொல்லை உழுத மாடு. தொடையும் தோளும் செருப்புத் தோலாட்டம் இருக்குது. ரெண்டு மணி நேரம் வெந்தாலும் வேவாது. மெத்துனு இருக்குறது இந்த ஒண்ணுதான். அதுல கூறுக்கு ஒரு சுண்டு விரல் போடணும். பெரியவருக்குப் பல்லு இல்ல. உங்க அத்தை பொண்ணு புள்ள பெத்துப் பத்து நாள்தான் ஆவுது. இதுல யாருத நான் கொறைக்கட்டும்? நீயே சொல்லு."

அதைக் கேட்டதும் என் கன்னம் சூடானது. மற்ற சதைகள் உழைத்து இறுகிப்போனதால் அவை என் தேர்வுக்கு ஆகாது. உள் சதைதான் வேண்டும். அது எனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அவர்களுக்கும் வேண்டும். இதைப் பற்றிக் கல்லூரியில் யாரும் பாடம் நடத்தியிருக்கவில்லை.

"யாருதையும் கொறைக்காதீங்க," என்றேன். "நாளைக்கு மதியம், வெந்த பெறவு, இதே இடத்துல, தேக்கெலயில நானே கூறு போடுறேன். எங்க வூட்டத் தவுர எத்தினி வூடோ அத்தினி துண்டு. இன்னிக்கி எங்க வூட்டுக் கூறும் வேணாம். அதையும் பிரிச்சி மத்த எலையில போட்டுடுங்க."

"உழைக்காத சதைக்குத்தான்டி எப்பவும் கிராக்கி" என்றாள் அத்தை. ஆனால் குரல் இறங்கியிருந்தது.

தாத்தா கூறு சொல்வதற்காக முன்கூட்டியே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார். அப்படியே நின்றபடி சொன்னார்: "குட்றா. படிக்கிற பொண்ணு கேக்குது. ஒரு நாள் கறி மெல்லலன்னா செத்தா பூடுவேன்? ஆனா நாளைக்கி மொதத் துண்டு எனுக்கு."

பெரியப்பா கத்தியைத் துடைத்தார். ஒரு கை நீளம், என் மணிக்கட்டைவிடத் தடிப்பாக, ஒரு வெட்டுக்கூட விழாமல் எடுத்து என் இலையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்குக் கோபம். பதினைந்து நாள் கழித்துக் கறி வந்திருக்கிறது, ஒரு எலும்புத் துண்டுகூட வாங்காமல் கூறையே விட்டுக்கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாளே என்று பாத்திரத்தை நகர்த்தும் சத்தத்திலேயே தெரிந்தது. நான் கறியை அவள் கையில் கொடுத்து, "நாளைக்கு மதியம் வரைக்கும் கெடாம இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு வெண்ணெயும் மிளகும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். பாதிக் கடைகள் மூடியிருந்தன. வெண்ணெய் கிடைக்க ஊரின் அந்தக் கோடி வரை நடக்க வேண்டியிருந்தது. திரும்பி வர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது.

வீட்டின் பின்பக்கம் துணிக்கொடியில் அப்பாவின் லுங்கிக்குப் பக்கத்தில் என் கறி தொங்கிக்கொண்டிருந்தது. அரை விரல் கனத்தில் நீண்ட நாடாவாக, மஞ்சள் பூசி, உப்பு மினுங்க, இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடுவே இரண்டு மடிப்பாகத் தொங்கியது.

அம்மா உப்புக்கண்டம் போட்டிருந்தாள்.

உப்புக்கண்டத்துக்கு அறுப்பது எல்லோருக்கும் வராது. கட்டியாக இருக்கும் சதையை இடது கையில் பிடித்து, ஓரத்திலிருந்து அரை விரல் கனத்தில் கத்தியை ஓட்டி, அறுந்துபோகாமல் சதையைத் திருப்பித் திருப்பிச் சுருட்டிய பாயை விரிப்பதைப் போல விரித்துக்கொண்டே போக வேண்டும். எங்கள் தெருவில் அம்மாவைப் போல அறுக்க ஆளில்லை. அந்தக் கைவேலை முழுவதும் என் இரண்டு விரல் கனத்தின் மேல் நடந்து முடிந்திருந்தது.

"இன்னாம்மா பண்ண?"

"இன்னா பண்ணேன்? கெடாம இருக்கணும்னு சொன்ன. உப்புப் போட்டுத் தொங்க வுட்டேன்."

"முழுசா ஒரே துண்டா இருக்கணும்னு வாசிச்சிக் காட்டினேன்ல?"

"ஒரே துண்டுதானே? எங்கனா அறுந்துக்கிதா, பாரு."

பார்த்தேன். எங்கும் அறுந்திருக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். படிக்காதவள், சொன்னால் புரியாதவள் என்றேன். இன்று வரை அந்தச் சொற்களை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"நம்ம வூட்டுல ஃப்ரிட்ஜ் கீதா?"

"இல்ல."

"ஐஸ் வண்டி வருதா?"

"இல்ல."

"அப்ப இந்தக் கட்டிய எங்க வெச்சிருப்ப? பானைலயா? நாளைக்கி மதியம் ஈ மொய்ச்சி நாறிப்போனத எடுத்து வெச்சிக்கினுதான் போன் முன்னால நின்னிருப்ப. உன் புக்குல அதுக்கு இன்னா எழுதிக்கிது?"

என் புத்தகத்தில் அதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்திருக்கும். வெட்டாத கறியை வாங்குவதற்கு அவ்வளவு போராடியவள், அதை மறுநாள் வரை எப்படி வைத்திருப்பது என்று ஒரு நிமிடம்கூட யோசித்திருக்கவில்லை.

கொடிக்கு அடியில் உட்கார்ந்து தொங்கும் கறியைப் பார்த்தேன். கோழிக்கு மாறிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அதைத் துரத்தினேன். பாயை விரித்தால் சுருட்டவும் முடியும். வெயில் அவ்வளவாக ஏறவில்லை, மேல்தோல்தான் லேசாகக் காய்ந்திருந்தது. எழுந்து கறியை இறக்கினேன். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து மஞ்சளை ஒற்றி ஒற்றி எடுத்தேன். எந்த ஓரத்தில் அம்மா அறுத்து முடித்தாளோ அங்கிருந்து இறுக்கிச் சுருட்டிக்கொண்டு வந்தேன். கையை எடுத்தால் பிரிந்தது.

"கட்டணும்" என்றாள் அம்மா. அதற்குள் அவளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "நல்ல முறுக்கு நூலா வேணும்."

டெய்லர் வீட்டுக்குப் போனேன். அத்தை கட்டில் மேல் பேத்தியைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, கெட்டி நூல் கொஞ்சம் வேணும். பருத்தி நூல்."

"இன்னாத்துக்கு?"

"கறியக் கட்ட."

"ஏண்டி, கறிக்கு இப்ப ஜாக்கெட் தெக்கப்போறியா?" என்று கேட்டுக்கொண்டே டப்பாவைத் துழாவி வெள்ளை நூல்கண்டு ஒன்றைத் தூக்கிப் போட்டாள். "அளவு எடுத்தியா?"

"ரெண்டு விரல் கனம், அத்தை. நாளைக்கு அரை மணி நேரம் மிஷின், டிவி, ஃபேன் எல்லாத்தையும் நிறுத்தணும்."

"கறியும் குடுத்து, நூலும் குடுத்து, கரண்டும் குடுக்கணுமா? போடி. நிறுத்துறேன்."

நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அம்மா கட்டினாள். பூச்சரம் தொடுக்கும் விரல்கள். ஒரு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சாக ஏழு முடிச்சு. கட்டி முடித்ததும் மேலிருந்து உள்ளங்கையால் அழுத்தி இரண்டு விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. உப்பு ஏற்கெனவே ஏறியிருந்ததால் ஈரத்துணி சுற்றிப் பானையில் வைத்தோம். மறுநாள் காலையில் முகர்ந்து பார்த்தேன். ஒரு கெட்ட வாடையும் இல்லை. அம்மாவும் குனிந்து ஒருமுறை முகர்ந்து பார்த்தாள்.

பதினொன்றரைக்குப் போனில் எல்லோருடைய முகமும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. எனக்கு முன்னால் செய்த மூன்று பேரும் கோழி. நான்காவதாக என்னைக் கூப்பிட்டார் ஆசிரியர். கறியைத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டினேன். மாட்டிறைச்சி என்றதும் வகுப்பில் ஒருவன் மைக்கை அணைக்காமலே சொன்னான்:

"இவங்களுக்கு என்ன சார், ஈஸி. டெய்லி சாப்பிடறதுதானே."

யாரோ சிரித்தார்கள். ஆசிரியர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"டெய்லி இல்ல," என்றேன். "ஞாயித்துக்கிழமைதான். போராட்டத்தால முன்னாடி ரெண்டு ஞாயிறு அதுவும் இல்ல. ஆரம்பிக்கட்டுமா சார்?"

"இரும்மா. ஏன் கட்டியிருக்க?"

உள் சதையை நூல் போட்டுக் கட்டிச் சமைப்பது ஓட்டல்களில் இருப்பதுதான். ஆமாம், உருவம் மாறாமல் இருக்கக் கட்டினேன் என்று சொன்னால் வெட்டும்வரை யாருக்கும் தெரியாது. வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் அறுத்ததை மறைப்பதற்கு எனக்கு வாய் வரவில்லை.

"எங்க வீட்டுல ஃப்ரிட்ஜ் இல்ல சார். கெடாம இருக்க அம்மா உப்புக்கண்டத்துக்கு அறுத்து உப்புப் போட்டுட்டாங்க. அதை நான் சுருட்டிக் கட்டியிருக்கேன்."

ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்படின்னா இது ஸ்டேக் இல்லம்மா."

"சமைச்சிக் காட்டுறேன் சார். வெட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் சரி என்று சொல்வதற்குள் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டேன். இரும்பு தோசைக்கல் புகையும் வரை காத்திருந்தேன். கறியை வைத்ததும் சத்தம் தெருவுக்கே கேட்டது. அசைக்காமல் விட்டேன். சிவந்து, தானாகக் கல்லைவிட்ட பிறகுதான் திருப்பினேன். ஓரங்களை இடுக்கியால் நிறுத்திப் பிடித்து வாட்டினேன். வெண்ணெய், தட்டிய பூண்டு, மிளகு. புத்தகத்தில் ஏதோ ஒரு சீமை இலை சொல்லியிருந்தார்கள். எங்கள் வேலியோரத்துக் கற்பூரவல்லியில் நான்கு இலை கிள்ளிப் போட்டேன். கரைந்த வெண்ணெயைக் கரண்டியால் அள்ளி அள்ளி மேலே ஊற்றினேன். பிறகு இருநூறு டிகிரியில் சூடாகியிருந்த ஓவனுக்குள் தட்டைத் தள்ளினேன். பக்கத்து வீட்டில் டிவி இல்லை, மிஷின் இல்லை, குழந்தைக்கு அத்தை விசிறியால் விசிறிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. ஓவன் கம்பி அணையாமல் சிவப்பாகவே இருந்தது.

ஒன்பது நிமிடம் கழித்து எடுத்தேன். சூடு பார்க்கும் கருவி என்னிடம் இல்லை. கட்டை விரலின் அடிச் சதையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கறியைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. தட்டைப் போட்டு மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"ஏம்மே சும்மா நிக்கிற? ஆறிப்போவுது பாரு" என்றாள் அத்தை.

"ஆறணும் அத்தை. பத்து நிமிசம்."

"சுட்டது ஆறுறதுக்கா கரண்ட நிறுத்துனோம்?"

"ஷ்ஷ்" என்றாள் அம்மா. "பரீச்சை நடக்குது."

பத்து நிமிடம் முடிந்ததும் நூலை அறுத்து எடுத்தேன். கறி பிரியவில்லை. குறுக்கே வெட்டி, வெட்டு முகத்தைக் கேமராவுக்குக் காட்டினேன். வெளியே விரல் நகம் அளவுக்குப் பழுப்பு, உள்ளே ஓரத்திலிருந்து நடு வரை ஒரே ரோஜா நிறம், அதற்குள் சுருள் சுருளாக மெல்லிய கோடு. தட்டில் சொட்டுச் சாறு வடியவில்லை.

ஆசிரியரின் முகம் திரையை நெருங்கி வந்தது. "கிட்ட காட்டு. உப்பு எப்பப் போட்டது?"

"நேத்து மதியம் சார்."

"உள்ள வரைக்கும் ஏறியிருக்கும். அந்தக் கோடெல்லாம் ஒரே கனமா இருக்கு. யாரு அறுத்தது, உங்க அம்மாவா?"

"ஆமா சார்."

"எதுல?"

"அரிவாள்மணைல இல்ல சார், கத்திலதான். அஞ்சு நிமிசத்துல அறுத்துடுவாங்க."

அவர் ஏதோ எழுதினார். நிமிர்ந்து பார்த்தார். "முழுத் துண்டுக்கான மார்க் கிடையாது. கேட்டது ஒண்ணு, நீ செஞ்சது வேற. வேக வெச்சதுக்கு முழு மார்க். ஆற வெச்சதுக்கும்."

"கிரில் சார்?"

எல்லோர் முன்னாலும் அப்படிக் கேட்கக் கூடாதுதான். கேட்டேன்.

"இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. சாயங்காலம் சொல்றேன்" என்றார். பிறகு, "கிரிலுக்குப் போனா அங்க இப்படிச் சுருட்டிக் கட்டாதம்மா" என்றார்.

"அங்க ஃப்ரிட்ஜ் இருக்கும்ல சார். கட்ட மாட்டேன்."

மற்ற இரண்டு பேரும் கோழிதான் செய்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அது தெரிவதற்கு முன்பே சொன்ன வார்த்தையை நிறைவேற்ற வேண்டியிருந்தது. கறியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனேன். தேக்கிலையைக் கிழித்து இருபத்தொரு துணுக்கு வைத்தேன். எங்கள் வீட்டைக் கழித்தால் இருபத்தொரு வீடு. மெல்லிய துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றிலும் வைத்தேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தாத்தா முதுகைத் திருப்பி நின்றார்.

"இது யாருக்கு?" என்றார் பெரியப்பா.

"எனுக்கு. மொதத் துண்டு எனுக்குத்தான்னு நேத்தே சொல்லிட்டேன்."

ஒவ்வொருவராக எடுத்தார்கள். யாரும் வாயில் வைக்கவில்லை. நடுவில் இருந்த நிறத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னாமே இது, வேவவே இல்ல!" என்றாள் அத்தை. "செவசெவன்னு கீது. பச்ச ஒடம்புக்காரிக்கு இதைக் குடுத்தா வவுறு இன்னாத்துக்கு ஆவும்?"

"இப்பிடித்தான் அத்தை இருக்கணும்."

"பெரிய ஓட்டல்ல இதுக்கா துட்டுக் குடுத்து உக்காந்துக்கினு கீறாங்க? பாவம்." தன் துண்டை இலையோடு மடித்துக்கொண்டாள். "நான் கொண்டு போய்க் குழம்புல போட்டுக்கிறேன்." இன்னும் நான்கைந்து பேர் அவள் பின்னாலேயே போனார்கள். மூட்டை தூக்கும் மாமா கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டு, "மோசமில்ல, ஆனா கறி துன்ன மாதிரியே இல்ல" என்றார். தாத்தா மட்டும் தன் துண்டை ஈறுகளுக்கு நடுவே வைத்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார். முழுங்கிவிட்டு, "வேற யாருக்கெல்லாம் வேணாம்? இங்க குடுங்க" என்று கையை நீட்டினார்.

எங்களுக்குக் கூறு வேண்டாம் என்று நான் சொல்லியிருந்ததால் எனக்கும் அம்மாவுக்கும் துண்டு இல்லை. தட்டில் அறுத்துப் போட்ட நூல் மட்டும் கிடந்தது. வெண்ணெயும் மிளகும் கருகிய கறிச் சாறும் ஊறிப் பழுப்பாக இருந்தது. அம்மா அதில் ஒரு முனையை எடுத்து வாயில் வைத்துச் சப்பினாள். மறுமுனையை நான் எடுத்துக்கொண்டேன்.

மாலையில் போன் வந்தது. கிரில் என்றார்கள். அம்மாவிடம் சொன்னேன்.

"அங்க தரை தொடைக்கணுமா?"

"இல்லம்மா. நெருப்பு முன்னால நிக்கணும்."

"சரி," என்றாள். அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே சொன்னாள்: "உப்பு சரியாத்தான் இருந்துச்சி."